பின்னால் வர வேண்டிய வண்டி

ஒதீல் தன் வேனருகே நின்று ரொட்டியை அறுத்துக்கொண்டிருந்தபோது மார்சியால் மட்டும் சைக்கிளை மிதித்துக்கொண்டு தேவாலயத்து முற்றத்துக்கு வந்தான். அடுத்த கட்டத்தை ஓட்ட வேண்டிய போலின் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு எழுந்தாள்.

"எர்வே வண்டிக்குள்ள தூங்கறானா? எழுப்புங்க அவனை. என்னைத் தனியா மிதிக்க விட்டுட்டு சொகுசா வந்துட்டான்" என்று சிரித்தான் மார்சியால்.

ஒதீலின் கத்தி நின்றது. "என்ன சொல்ற? என் புருஷன் உன்கூடத்தானே வந்தான்?"

மார்சியாலின் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. மர ஆலைத் திருப்பத்தில் மூச்சு வாங்குகிறது என்று எர்வே இறங்கிவிட்டானாம். சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தானாம். களைத்தவன் அப்படிக் கவிழ்த்துவிட்டு உட்கார்ந்தால் பின்னால் ஒதீல் ஓட்டிவரும் வண்டி ஏற்றிக்கொள்ளும். கோடைதோறும் இந்த நால்வரும் மாற்றி மாற்றி மிதித்து ஊர் சுற்றுவது அப்படித்தான். அந்தத் தைரியத்தில் மார்சியால் நிற்காமல் வந்துவிட்டான். வண்டி அவனை ஏற்றிக்கொண்டு வேறு வழியில் முந்திவிட்டது என்று நினைத்திருந்தான்.

வண்டியோ பின்னால் போகவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை மதியத்தோடு ரொட்டிக்கடையை மூடிவிடுவார்களே என்று ஒதீல் நெடுஞ்சாலை வழியாக முன்னால் வந்துவிட்டிருந்தாள். நேற்று பொட்டல ரொட்டியை வைத்ததற்கு, "இதுக்குத் தலையணையையே கடிச்சிருக்கலாம்" என்று எர்வே அவளைக் கிண்டலடித்துத் தீர்த்திருந்தான். இன்று அவன் வாயை அடைக்க வேண்டும் என்றுதான் ஓடினாள். காலையில் கிளம்பும்போது, "பின்னாடியே வருவேல்ல?" என்று கேட்டான். "வருவேன், போ" என்று முதுகில் தட்டி அனுப்பினாள்.

கையிலிருந்த ரொட்டியோடே வண்டியில் ஏறினாள். மற்ற இருவரும் ஏறிக் கதவைச் சாத்துவதற்குள் கிளப்பிவிட்டாள். பள்ளத்தாக்கில் போனுக்கு சிக்னல் இல்லை. திட்டட்டும், ராத்திரி முழுக்கத் திட்டட்டும், உட்கார்ந்திருந்தால் போதும் என்று ஒவ்வொரு வளைவிலும் கெஞ்சினாள். யாரிடம் கெஞ்சுகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

கவிழ்த்த சைக்கிள் தூரத்திலேயே தெரிந்தது. எர்வே உட்கார்ந்துதான் இருந்தான். கல்சுவரில் சாய்ந்து, தலைக்கவசத்தை மடியில் வைத்து, வண்டி வரவேண்டிய திசையைப் பார்த்தபடி.

போலின் உதவிக்குப் போன் செய்ய அருகிலிருந்த பண்ணை வீட்டுக்கு ஓடினாள். ஒதீலும் மார்சியாலும் மாறி மாறி அவன் நெஞ்சை அழுத்தினார்கள். அந்தப் பக்கத்தில் ஆம்புலன்ஸோடு வருவதும் தீயணைப்புக்காரர்கள்தான்; அவர்கள் வந்து அவளை விலக்கிவிட்டு அவர்களும் அழுத்தினார்கள். கடைசியில் அவர்களில் மூத்தவர் கையுறையைக் கழற்றினார்.

"நான் பின்னாடியே வந்திருந்தா பிழைச்சிருப்பானா?" என்று ஒதீல் கேட்டாள்.

அவர் எர்வேயின் வயதைக் கேட்டார்.

அவனை ஏற்றிக்கொண்டு போனபோது மார்சியால் கூடப் போனான். ஒதீலைத்தான் கூப்பிட்டார்கள். அவள் தன் வண்டியின் கதவைப் பிடித்துக்கொண்டு நகர மறுத்துவிட்டாள்.

போலின் எர்வேயின் சைக்கிளை நிமிர்த்தினாள். "அவன் விட்ட இடத்துலேருந்து ஊர் வரைக்கும் நான் மிதிச்சிடறேன்."

"போ" என்றாள் ஒதீல். "நான் பின்னாடியே வரேன்."

அந்தச் சைக்கிள் போலினுக்கு உயரம். கால் சரியாக எட்டாமல் மேட்டில் தடுமாறித் தடுமாறி மிதித்தாள். ஒதீல் முதல் கியரிலேயே ஊர்ந்தாள். பக்கத்து இருக்கையில் பாதி அறுத்த ரொட்டி கிடந்தது. பின்னால் ஒரு கார் ஹாரன் அடித்தது, மறுபடி அடித்தது. அவள் வேகத்தைக் கூட்டவில்லை.