படத்துக்குப் பின்னால் செருகிய அட்டை

இனிப்பாக நாலு வரி எழுத வேண்டுமானால் சின்னவளுக்கு முதலில் கசப்பைக் கக்கியாக வேண்டும். ஒரு அட்டையில் மனதில் இருப்பதையெல்லாம் கொட்டித் திட்டித் தீர்ப்பாள். பிறகு அதே அளவில் பச்சைக் கரை போட்ட இன்னொரு அட்டையில், நாலு பேர் மெச்சுகிற மாதிரி எழுதுவாள். நல்லது ஆல்பத்தில் படத்துக்குப் பின்னால் இருக்கும் காகித உறைக்குள் போகும். கசப்பு கிழிந்து குப்பைக்குப் போகும். அக்காவின் ஐம்பதாவது பிறந்தநாளுக்கு வெட்டி, ஒட்டி, ரிப்பன் கட்டிய ஆல்பம் முழுவதும் இப்படித்தான் உருவானது.

அம்மா போன பிறகு இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. சின்னவள் வீட்டு வாசலைப் பெரியவள் மிதித்ததே இல்லை. இந்த ஆல்பமாவது அக்காவைத் திருப்பித் தராதா என்ற நப்பாசையில்தான் இன்று கூப்பிடாமலேயே அக்கா வீட்டில் வந்து நின்றாள். பெரியவள் வாங்கிக்கொண்டு சோபாவில் உட்கார்ந்தாள். ஒவ்வொரு உறையிலிருந்தும் அட்டையை உருவுவதும், படிப்பதும், "ம்" என்று மட்டும் சொல்லித் திரும்பச் செருகுவதுமாக இருந்தாள்.

கைக்குட்டை எடுக்கக் கைப்பையைத் திறந்த சின்னவளின் முகத்தில் ஈயாடவில்லை. உள்ளே பச்சைக் கரை அட்டை. 'அம்மாவும் நாமும் சிரித்த நாள்.' ஆஸ்பத்திரிப் படத்துக்குக் காலையில் அவசரமாக எழுதி முடித்தது. கசப்பை வழியில் கிழித்துக்கொள்ளலாம் என்று பையில் போட்டதாக நினைத்திருந்தாள். அது ஆல்பத்துக்குள் போயிருந்தது.

"அக்கா, முதல்ல கேக்கை வெட்டிடலாமே!"

"கேக்குக்குக் காலா முளைச்சிருக்கு, ஓடிப்போக? நீ உட்காரும்மா," என்றார் அத்தான்.

பெரியவள் பக்கத்தைத் திருப்பினாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் அம்மா, இரு பக்கமும் இரண்டு மகள்கள்.

"இது சரியா ஒட்டலைக்கா. குடு, சரி பண்ணித் தர்றேன்."

சின்னவள் உறைக்குள் விரலை விட்டாள். அவசரத்தில் அண்டாவிலும் கை நுழையாது. இதுவோ அட்டை மட்டுமே நுழைகிற இடுக்கு.

"கையை எடுடி," என்று பெரியவள் அட்டையை உருவிவிட்டாள்.

'அம்மாவுக்குப் பீ மூத்திரம் அள்ளினது நான். இஸ்திரி கலையாத உடுப்போட வந்து போட்டோவுக்கு நின்னது நீ.'

ஒரு முறை படித்தாள். மறுபடியும் படித்தாள். சின்னவள், இருந்த ஒரே அக்காவையும் தன் கையாலேயே தொலைத்துவிட்டோம் என்று நினைத்தாள்.

"என்ன எழுதியிருக்கா? எனக்கும் வாசியேன்," என்றார் அத்தான்.

"உங்களுக்கில்ல." பெரியவள் தங்கையைப் பார்த்தாள். "மத்ததெல்லாம் கடையில வாங்கின வாழ்த்து அட்டை மாதிரி இருந்துச்சு. யாரோ எழுதினதுன்னு நெனச்சேன். இதுதான் நீ எழுதினது. பேனா குடு."

அட்டையைத் திருப்பி எழுதினாள். நடுவில் ஒரு முறை மூக்கை உறிஞ்சினாள். இடம் தீர்ந்ததும் அதை உறைக்குள் செருகி, ஆல்பத்தை மூடி, ரிப்பனைக் கட்டி, சின்னவளின் மடியில் வைத்தாள்.

"வேண்டாமாக்கா?"

"பதில் எழுதியிருக்கேன். வீட்டுக்குப் போய்ப் படி. இன்னும் திட்டணும்னா அதையும் எழுதி வை. ஞாயித்துக்கிழமை வந்து வாங்கிக்கிறேன்."

"எங்க வீட்டுக்கா?"

"பின்னே? வாசல்லயே நிக்க வெச்சு அனுப்பினே, அப்புறம் தெரியும் சேதி."

சின்னவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. ஆல்பத்தை இறுக்கிக்கொண்டு, அக்கா முன்னாலேயே அழுதாள்.