நிறுத்தக் கூடாத சத்தம்

அந்த அடுக்கக வளாகத்தின் குடியிருப்போர் சங்கத்துக்கு அவர் தொடர்ந்து தலைவர். போட்டியின்றித் தேர்வானதாகச் சொல்லிக்கொள்வார். அந்த நாற்காலியை வேறு யாரும் கேட்கவில்லை என்பதும் அதற்கு இன்னொரு விளக்கம்தான். வீட்டிலும் அவருக்குத் தலைவர் என்றே பெயர். மனைவி அப்படிக் கூப்பிடும்போது மட்டும் அதன் நுனியில் ஒரு சிரிப்பு ஒட்டிக்கொண்டிருக்கும்.

அன்று மதியம் தலைவர், ஏசி ஓடிக்கொண்டிருந்த அறையில், மனைவியின் கம்ப்யூட்டரைத் திறந்து போட்டுக்கொண்டு தொப்பலாக வியர்த்திருந்தார்.

அவள் வீடுகளுக்கு வரைபடம் போடுகிறவள். பல வருடம் இன்னொருவர் நிறுவனத்தில், இன்னொருவர் கையெழுத்துக்குக் கீழே வரைந்தவள். இப்போதுதான் முதல் முறையாக ஒரு வீடு அவள் பேரில் வந்திருக்கிறது. மாடிப்படிப் பகுதி மட்டும் பாக்கி. நாளைக் காலையில் கொடுத்தாக வேண்டும். மெஷினோ ஒரு சுவரைத் திருப்பச் சொன்னால் யோசித்து யோசித்துத் திருப்பும். அதற்காக வெளியூரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் அவள் தம்பி புது ரேமும் ஒரு கிராபிக்ஸ் கார்டும் பார்சலில் அனுப்பியிருந்தான். ஞாயிற்றுக்கிழமை தானே வந்து மாட்டித் தருவதாகவும், அதுவரை அத்தான் அதில் கை வைக்க வேண்டாம் என்றும் சொல்லியிருந்தான். மனையைப் பார்க்கக் கிளம்பும்போது மனைவியும் அதையேதான் சொல்லிவிட்டுப் போனாள்.

தண்ணீர்த் தொட்டியையும் லிஃப்ட்டையும் கட்டி ஆளும் ஒரு மனிதரிடம் இரண்டு பேர் ஒரே வாரத்தில் ‘தொடாதீங்க’ என்று சொன்னால் என்ன நடக்குமோ, அது நடந்தது.

ஆரம்பம் என்னவோ அமர்க்களமாகத்தான் இருந்தது. ஒரு வீடியோவைப் பாதிவரை பார்த்தார். மீதி வழக்கம்போல வளவளப்பாக இருக்கும் என்று முடிவு செய்தார். உடம்பில் இருக்கும் மின்சாரம் கார்டைக் கொன்றுவிடும், முதலில் ஏதாவது இரும்பைத் தொடுங்கள் என்று அந்தப் பாதியில் இருந்தது. எனவே ஒவ்வொரு காரியத்துக்கும் முன்னால் ஜன்னல் கம்பியைத் தொட்டுவிட்டு வந்தார். திருகைக் கழற்ற ஒரு தடவை, மூடியைத் தூக்க ஒரு தடவை. எதிர் மாடியில் துணி உலர்த்திய பெண்மணி, தலைவர் கம்பியைச் சோதிக்கிறார் என்று நினைத்திருக்கலாம்.

பழைய ரேமைப் பிடுங்கிவிட்டுப் புதியதை அந்த இடுக்கில் நிறுத்தி அமுக்கினார். ‘கறக்’ என்று ஒரு சத்தம். அடியில் இருந்த பச்சைப் பலகை லேசாக வளைந்தது. தலைவரின் கை, தூங்குகிற குழந்தையின் தலையில் பட்டுவிட்டதுபோல் வெடுக்கென்று விலகியது. போதும், உட்கார்ந்துவிட்டது என்று தனக்குத்தானே தீர்ப்பு சொல்லிக்கொண்டார். கிராபிக்ஸ் கார்டை அந்த அளவுக்குக்கூட அமுக்கவில்லை.

சுவிட்சைப் போட்டதும் காற்றாடி சுழன்றது. திரையில் ஒன்றுமில்லை. பெட்டிக்குள்ளிருந்து மூன்று ‘பீப்’. கொஞ்சம் மௌனம். மறுபடி மூன்று.

மின்சாரத்தை நிறுத்தி, கார்டைக் கழற்றி, புது ரேமை எடுத்துப் பழையதையே திரும்ப வைத்தார். அதையும் ‘கறக்’ வரை மட்டும். மறுபடியும் அதே மூன்று பீப்.

அப்போதுதான் உண்மையான பயம் வந்தது. காலையில் ஓடிக்கொண்டிருந்த அதே ரேம் இப்போது ஓடவில்லை என்றால், தான் கொன்றது ரேமை அல்ல, மதர்போர்டையே. அந்த வளைந்த பச்சைப் பலகை. மேசையில் அவள் பென்சிலில் போட்ட மாடிப்படி, ஏறவும் முடியாமல் இறங்கவும் முடியாமல் பாதியில் நின்றது. வெளியே லிஃப்ட் கிளம்பியது. ஒவ்வொரு மாடியாக அது ஏறுவது அவருக்கு முதுகுத்தண்டில் கேட்டது. மேல் மாடிக்குப் போய்விட்டது. இந்த லிஃப்ட்டைப் பழுது பார்த்ததற்குத் தானே தனக்கு மாலை போட்டுக்கொள்ள ஏற்பாடு செய்தவர், அது பழுதாகவே இருந்திருக்கலாம் என்று முதல் முறையாக நினைத்தார்.

மச்சினனுக்குப் போன் செய்தார். சுற்றி வளைத்து, ஒரு நண்பர் வீட்டில் என்று தொடங்கினார். அவன் நண்பரை நம்பவில்லை.

“நல்லா அமுக்குனீங்களா அத்தான்?”

“அமுக்கினேன் மாப்ள. ஒரு சத்தம் வந்துச்சு, நிறுத்திட்டேன்.”

“அது நிறுத்தறதுக்கான சத்தம் இல்ல அத்தான். ரெண்டு ஓரமும் டக்குனு கொக்கி விழணும். ஒடைஞ்சிருச்சோன்னு தோணும் பாருங்க, அதுவரைக்கும் அமுக்கணும்.”

தலைவர் போனை வைத்துவிட்டு, சுவிட்சை அணைத்து, ஜன்னல் கம்பியைத் தொட்டார். ரேமின் தலையில் இரண்டு கட்டைவிரலையும் வைத்தார். விரல்கள் சங்கத் தீர்மானத்துக்குக் கட்டுப்படுகிற ரகமில்லை. ‘கறக்’ என்றதும் தாமாகவே நின்றன. இன்னொரு தடவை வைத்தார். நின்றன.

கதவில் சாவி திரும்பியது.

அவள் உள்ளே வந்து, திறந்து கிடந்த பெட்டியைப் பார்த்தாள், திருகுகளைப் பார்த்தாள். காரணங்கள் வரிசையாக நாக்கு வரை வந்தன. மின்வெட்டு, பார்சலில் கோளாறு, தம்பியின் தரக்குறைவான சரக்கு. எல்லாம் நன்றாகவே தயாராகியிருந்தன. ஆனால் வாயில் வந்தது வேறு.

“எனக்குப் பயமா இருக்கு. அமுக்கணுமாம். கை வரமாட்டேங்குது.”

கல்யாணமான நாளிலிருந்து அவர் இந்த வார்த்தையைச் சொல்லி அவள் கேட்டதில்லை. கைப்பையைக் கீழே வைத்தாள். அவள் முகமும் வெளுத்துத்தான் இருந்தது.

“நீங்களே அமுக்குங்க,” என்றாள். “ஒடைஞ்சா நான் ஒடைச்சதா இருக்க வேண்டாம்.”

பெட்டி நகராமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அவர் கண்ணை இறுக மூடினார். ‘கறக்’. நிற்கவில்லை. பலகை வளைந்தது, நெஞ்சும் கூடவே வளைந்தது. எலும்பு முறிவதுபோல் ‘டக்’ என்றது ஒரு பக்கம், பிறகு மறுபக்கம். அவர் கண்ணைத் திறக்காமல், உடைந்துவிட்டதா என்று கேட்டார். அவள் சுவிட்சைப் போட்டாள்.

ஒரே ஒரு பீப். திரையில் வெளிச்சம். கொஞ்ச நேரத்தில் அவளுடைய வீடு, சுவர் சுவராக, பழைய சோம்பலோடு எழுந்து நின்றது. அவள் நாற்காலியை இழுத்துப்போட்டு மாடிப்படிக்குப் போய்விட்டாள்.

புது ரேமைப் போடட்டுமா என்று தலைவர் மெல்லக் கேட்டார்.

“அதைத் தொட்டீங்கன்னா இருக்கு.”

சாயங்காலம் சங்கக் கூட்டம். தண்ணீர்த் தொட்டி விவகாரத்தில் எதற்கும் அஞ்சாமல் முடிவெடுக்கப்போவதாகத் தலைவர் முழங்கவிருந்தார். மைக்கைக் கையில் எடுக்கும் முன், தன்னையறியாமல் பக்கத்து ஜன்னல் வரை நடந்துபோய் அதன் கம்பியை ஒரு தடவை தொட்டுவிட்டு வந்தார்.