காலி உருளை

“அண்ணி, ஆறு ஏசியும் கழட்டியாச்சு. ஒரு கையெழுத்து போடுங்க, கீழ ஆபீஸ்ல குடுத்துடறேன்.”

மொட்டைமாடிக்கு ஏறி வந்தவளுக்கு மூச்சு வாங்கியது. கீழே புது ஏசிக்குக் குழாய் இணைக்க அவளுக்கு ஆனது ஒரு மணி நேரம்தான். பழைய ஏசி ஒன்றிலிருந்து வாயுவை உறிஞ்சி உருளையில் பிடிக்கவே அரைமணி ஆகும். ஆறுக்கு?

“அதுக்குள்ளயா தம்பி?”

“மிஷின் இன்னிக்கு நல்லா இழுத்துச்சு.”

கணவனின் தம்பி அவன். இந்த அலுவலகத்தின் பழைய ஏசிகளை மாற்றும் ஒப்பந்தம் அவன் பெயரில். பரீட்சை எழுதி உரிமம் வாங்கியவளோ அவள். வாயுவைக் காற்றில் விடாமல் பிடித்தாயிற்று என்று அவள் ஒப்பமிட்டால்தான் தாள் செல்லும்.

“பிடிச்ச கேஸ் எங்க?”

ஒற்றைக் கையால் உருளையைத் தூக்கி வந்து வைத்தான்.

“இடுப்புவலின்னு காலையில டூல் பையைக்கூட என் தலையில கட்டினியே! இப்ப மட்டும் பூக்கூடை மாதிரி தூக்கற?”

தராசில் ஏற்றினாள். காலி எடை உருளையின் கழுத்திலேயே பொறித்திருந்தது. முள் அதே எண்ணில் போய் நின்றது.

“திறந்து விட்டுட்ட.”

“பன்னெண்டே கிலோ, அண்ணி. ஊரு உலகமே புகையா விடுது. நாம விட்டதுலதான் வானம் இடிஞ்சு விழப்போகுதா?”

“இந்த கேஸ் ஒரு கிலோ, கிட்டத்தட்ட ரெண்டு டன் கரியமில வாயுவுக்குச் சமம்டா! இருபத்திநாலு டன்னை உஸ்ஸுனு விட்டுட்டுப் பல்லைக் காட்டிக்கிட்டு நிக்கற!”

சத்தம் கேட்டு அலுவலக மேலாளர் வந்தார். கையில் அன்று அலுவலக விழாவில் வெளியிடவிருந்த புத்தகம்: ‘பருவநிலை மாற்றம் – அடிக்கடி கேட்கும் கேள்விகள்’.

“என்னம்மா, தாள் ரெடியா? நம்ம ஆபீஸ் கேஸை வெளிய விடாம பிடிச்சுதுன்னு விழாவுல படிக்கணும்.”

“சார், ‘நான் ஒருத்தன் விட்டா என்ன ஆயிடும்’னு ஒரு கேள்வி அதுல இருக்கா?”

“முதல் கேள்வியே அதுதாம்மா!”

“பதில்?”

“ஒவ்வொருவரும் பொறுப்பு... தேவையில்லாத விளக்கை அணைக்கணும்...”

“உங்க தலைக்கு மேலயே கேஸைத் திறந்து விட்டிருக்கான். நீங்க விளக்கை அணைக்கச் சொல்றீங்க!”

மேலாளர் உருளையைப் பார்த்தார், தராசைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

“போனது போச்சு. திரும்பப் பிடிக்கவா முடியும்? போட்டுக் குடுங்க. இன்னும் மூணு மாடி இருக்கு, முப்பது ஏசி. அதையும் உங்களுக்கே தரேன்.”

“முப்பதையும் இவன் இப்படியே திறந்து விடுவான். நான் இப்படியே கையெழுத்து போடணும். அதானே?”

தம்பியின் கையிலிருந்த பேனாவைப் பிடுங்கினாள். ‘பிடித்த அளவு’ என்ற கட்டத்தில் பூஜ்யம் போட்டாள். கீழே, தாள் கிழியும் அளவுக்கு அழுத்தி எழுதினாள்: ‘காற்றில் விட்டது – பன்னிரண்டு கிலோ.’ ஒப்பமிட்டாள்.

“அண்ணி! என் பொழப்புல மண்ணைப் போடறீங்களே! அண்ணன்கிட்ட சொல்றேன் பாருங்க!”

“சொல்லு. ஒத்தைக் கையில தூக்கினதையும் சேர்த்துச் சொல்லு.”

மேலாளர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இதை எப்படிம்மா விழாவுல படிக்கறது?”

“மைக் வெச்சிருக்கீங்கல்ல? சத்தமா படிங்க, சார்.”