இரண்டாவது சாவி

2025 நவம்பர் 18, செவ்வாய்க்கிழமை, காலை எட்டு மணி பத்து நிமிடம். காயல்பட்டினத்தில் இரவெல்லாம் பெய்த மழை தூறலாக இளைத்திருந்தது. கடற்காற்றில் குளிர் இல்லை, ஈரம் மட்டும் இருந்தது. மனைவி வீட்டின் முன்கூடத்தில் அமர்ந்து, அன்று மாலை ஐந்துக்குள் திருநெல்வேலியில் ஒப்படைக்க வேண்டிய ஒரு தாளை அகமது மீரான் பார்த்துக்கொண்டிருந்தார். ‘தொடர்கிறேன்’ அல்லது ‘தொடரவில்லை’ என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும்.

வளைகுடா நாடொன்றில், வெளிநாட்டு விமானப்படைத் தளத்தின் உணவுக்கூடத்தில் அவர் பண்டகக் காப்பாளர். படை ஒரு நாட்டினுடையது. மண் இன்னொரு நாட்டினுடையது. சமையல் ஓர் ஒப்பந்த நிறுவனத்தினுடையது. தளத்தின் செலவில் பாதியை இனி மண்ணுக்குரிய நாடே ஏற்க வேண்டும் என்று படைக்குரிய நாடு கேட்டது. நெடுநாள் பேரத்துக்குப் பின் கொடுக்க ஒப்புக்கொண்ட நாடு, செலவைக் குறைக்கச் சொன்னது. அந்தச் சொல் ஒவ்வொரு படியாக இறங்கி, மீரானிடம் வந்து நின்றது. இதுவரை இலவசமாயிருந்த அறைக்கும் சாப்பாட்டுக்கும் ஊழியரே கொடுக்க வேண்டும். விடுமுறையில் வந்தவர்களில் சம்மதமில்லாதவர் ஊரிலேயே இருந்துகொள்ளலாம்.

ஊரிலேயே இருப்பதில்தான் சிக்கல். காயல்பட்டினத்தில் வீடு பெண்ணுக்கு உரியது. மணமானவன் மனைவி வீட்டுக்கு வந்து வாழ்வான். மீரானும் வந்தார். ஆனால் இருபத்தாறு ஆண்டுகளில், விடுமுறைக்கு மேல் ஒரு நாளும் இங்கே தங்கியதில்லை. ஐம்பத்திரண்டு வயதில், திரும்பிப் போகும் தேதி இல்லாமல் வந்து உட்காரும் மாப்பிள்ளைக்கு என்ன மரியாதை என்பது அவருக்குத் தெரியவில்லை. மகளின் நிக்காஹ்வுக்குப் பின் மாடி அறையும் மருமகனுக்குப் போயிருந்தது.

அந்த மருமகன் ரசீத், ஆறுமுகநேரியில் வங்கி எழுத்தர், இடியாப்பத் தட்டோடு எதிரே வந்து அமர்ந்தான்.

“அந்த நாட்டுக்காரங்க தளத்துக்குப் பணம் கொடுக்கது நியாயம்தான் மாமா. காவலுக்கு ஆள் வெச்சா சம்பளம் கொடுக்க மாட்டோமா?”

“காவக்காரன் நாம சொன்ன பக்கம் திரும்புவான் மாப்புள. இவன் திரும்ப மாட்டான். அங்கன இருக்கது அவன் காரியத்துக்கும்தான்.” மீரான் தாளை மடித்தார். “பணம் கொடுக்கச் சம்மதிச்ச பொறவு, அந்த நாட்டு அதிகாரி ஒருத்தர் கணக்குப் பாக்க வந்தார். அவரோட சொந்த மண்ணு அது. வாசல்ல போனை வாங்கிக்கிட்டு வெயில்ல நிப்பாட்டிட்டாங்க. அனுமதிச் சீட்டு வரணுமாம். நான்தான் தண்ணி கொடுத்துவிட்டேன்.”

“அப்போ படைக்காரன்தான் வாடகை கொடுக்கணும்னு சொல்லுதிய.”

உள்வாசலிலிருந்து மீரானின் மனைவி ஸமீஹாவின் குரல் வந்தது. “இந்த வீட்டுல எந்த மாப்புள வாடகை கொடுத்திருக்காரு?”

ரசீத்தின் கை தட்டில் நின்றது. “நான் கொடுக்கேன்னு முதல்லயே சொன்னேனே மாமி.”

“கொடுத்தா வாடகைக்காரர் ஆயிருவிய. அடுத்த மாசமே வெள்ளையடிச்சுத் தரச் சொல்லுவிய. இன்னும் ரெண்டு வைக்கட்டா?”

ரசீத் சிரித்தான், இரண்டையும் தின்றுவிட்டு வேலைக்குப் போனான்.

ஸமீஹா தட்டை எடுக்க வந்தபோது மீரான் கேட்டார். “நான் இங்கனயே இருந்துட்டா?”

“எத்தன நாளைக்கு?”

ஒவ்வொரு விடுமுறையிலும், அவர் பெட்டியைக் கீழே வைக்குமுன் அவள் கேட்கும் கேள்வி அது. மீரான் தாளைச் சட்டைப்பையில் வைத்தார். அவள் தட்டோடு உள்ளே போய்விட்டாள். பேச்சு அவ்வளவுதான் என்று எண்ணி மீரான் குடையை எடுத்தார். படியிறங்குமுன் ஸமீஹா திரும்பி வந்து, கொத்திலிருந்து கழற்றிய ஒரு சாவியை நீட்டினாள்.

“திருநெல்வேலிக்குத்தானே போறிய. இதுக்கு டூப்ளிகேட் ஒண்ணு போட்டுட்டு வாங்க.”

“தலைவாசல் சாவியால்லா இருக்கு. யாருக்கு?”

“உங்களுக்குத்தான். நீங்க கதவத் தட்டுத போதெல்லாம் அடுப்ப விட்டுட்டு ஓடி வாரேன். லீவுக்குன்னா சரி. தெனமும் முடியாது.”

“மாப்புளைக்கு?”

“அவரு இன்னும் கொஞ்ச நாள் தட்டட்டும்.”

ரயில் ஸ்ரீவைகுண்டத்தைக் கடந்தபோது தாமிரபரணி மழைநீரில் சிவந்து ஓடியது. திருநெல்வேலி சந்திப்பில் இறங்கிய மீரான் முதலில் சாவி போடுபவரிடம் போனார். புதுச் சாவியைச் சட்டைப்பையில் தனியாக வைத்துக்கொண்டு, ஆள் அனுப்பும் முகவர் பேச்சிராஜின் அலுவலகத்துக்கு நடந்தார்.

“வாங்க அண்ணாச்சி. மத்தவங்கல்லாம் தொடர்கிறேன்னு எழுதிட்டாவ. ஒங்களுதுதான் பாக்கி.”

“அறைக்கு இனி நாங்கதானே கொடுக்கோம். அறைச் சாவி யாருகிட்ட இருக்கும்?”

“எப்பவும் போலத்தான். பாதுகாப்பு அலுவலகத்துல.”

“நான் காசு கொடுத்தாலுமா?”

“கொடுத்தாலும்தான். அந்த நாடே கொடுக்குது, அதுகிட்டயே சாவி இல்லியாம். ஒங்களுக்கு மட்டும் தருவானா?”

மீரான் பேனாவை வாங்கி, ‘தொடரவில்லை’ என்று எழுதினார். மை காய்வதற்குச் சற்றுக் காத்திருந்து, கீழே கையெழுத்திட்டார்.

பேச்சிராஜ் எட்டிப் பார்த்தான். “ஊர்ல என்ன செய்யப் போறிய அண்ணாச்சி?”

“ஆறுமுகநேரில மளிகைக் கடையில சரக்குப் பாக்க ஆள் கேக்காங்க. மத்த நேரம் மாப்புளையா இருக்கலாம்னு பாக்கேன். இன்னும் இருந்ததில்ல.”

தாளை அவனிடம் கொடுத்தார்.