கடைசித் துண்டு யாருக்கு

அமெரிக்காவில் எங்கள் மினசோட்டாக்காரர்களைப் பற்றி எதைக் கேட்டாலும் என்னிடம் பதில் உண்டு என்று டார்னுவே நம்பிவிட்டான். தப்பு என்னுடையதுதான். லைபீரியாவிலிருந்து எங்கள் ஊருக்கு வந்த புதிதில், "ஹார்லன் பெரியவரே, எப்படி இருக்கீங்கன்னு எல்லாரும் கேக்குறாங்க, பதில் சொல்றதுக்குள்ள போயிடுறாங்களே, ஏன்?" என்று கேட்டான். நான் தாடையைத் தடவிக்கொண்டு விளக்கினேன். பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவனிடம் ஒருவன் விளக்கம் கேட்பதே பெரிய விஷயம். அதனால் தெரியாததையும் சேர்த்தே விளக்கினேன்.

போன ஞாயிறு சர்ச்சின் கீழ்த்தளத்தில் விருந்து. ஆளுக்கொரு பண்டம் செய்து கொண்டுவர வேண்டும். டார்னுவேயின் மனைவி கோர்ட்டோ அரிசி மாவில் வாழைப்பழமும் இஞ்சியும் போட்டு ஒரு ரொட்டி செய்து வந்திருந்தாள். ஒரு துண்டு தின்றேன். என் மனைவி இங்கா இறந்ததிலிருந்து டின் சூப்பிலேயே காலம் தள்ளுகிற நாக்கு எழுந்து உட்கார்ந்துகொண்டது. இன்னொன்று எடுக்கப் போனால், தட்டில் ஒரே ஒரு துண்டுதான் மிச்சம்.

கடைசித் துண்டை எங்கள் ஊரில் யாரும் எடுக்க மாட்டார்கள். எடுத்தவனுக்குப் பேராசைக்காரன் என்று பெயர். ஆகவே காபி ஊற்றுகிற பாவனையில் அதன் பக்கத்திலேயே நின்றேன். எங்கள் சர்ச் பெண்மணி ஆர்டிஸ் கத்தியோடு வந்தாள். பாதியாக வெட்டி, ஒரு பாதியை எடுத்துக்கொண்டு போனாள். அவள் கணவன் வந்து மீதியைப் பாதியாக்கினான். பாதிரியார் வந்து அதையும் பாதியாக்கினார். நான் இன்னொரு கோப்பை காபி ஊற்றிக்கொண்டேன்.

"என்ன பெரியவரே இது, ஏதாவது வழிபாடா?" டார்னுவே காதோரம் கேட்டான்.

"கடைசித் துண்ட எடுக்கக் கூடாது தம்பி. மரியாதை."

"அப்ப அது யாருக்கு?"

"யாருக்கும் இல்ல. குப்பைக்குப் போகும்."

"குப்பைக்கா? நீங்க எடுத்துக்கங்களேன்."

"சேச்சே, வேணாம்."

இரண்டு தடவை வேண்டாம் என்று சொல்லி, மூன்றாவது தடவை உங்களுக்காக என்று வாங்கிக்கொள்வது எங்கள் முறை. இந்த ஒன்றை மட்டும் அவனுக்கு நான் விளக்கவில்லை. அவன் நான் சொன்னதை அப்படியே நம்பி, துண்டைத் தன் வாயில் போட்டுக்கொண்டான். கூடமே திரும்பிப் பார்த்தது. வாயால் எதையும் நாங்கள் சொல்ல மாட்டோம்.

மேஜைக்கு அந்தப் பக்கத்திலிருந்து கோர்ட்டோ பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏன், அவருக்குப் புடிக்கலையா?"

"வேணாங்கிறார்" என்றான் டார்னுவே மென்றுகொண்டே.

அவள் முகம் வாடிவிட்டது. சமாதானம் சொல்லப் போனேன். "உன் ரொட்டி மோசமில்லம்மா" என்றேன். எங்கள் ஊரில் இதற்கு மேல் ஒரு பாராட்டு கிடையாது. பேரக்குழந்தை பிறந்தாலும் இதைத்தான் சொல்வோம்.

"மோசமில்லையா." அவள் காலித் தட்டைத் துணியில் சுற்ற ஆரம்பித்தாள். "விடியறதுக்கு முன்னாடி எந்திரிச்சு செஞ்சேன். இனிமே கடையில எதையாவது வாங்கிட்டு வந்துடுறேன்."

எனக்குப் பகீரென்றது. இனி இந்த ரொட்டி என் ஆயுசுக்கும் கிடையாது.

"பொய் சொல்லிட்டேன்மா." குரல் கொஞ்சம் உரக்கவே வந்துவிட்டது. "அந்தத் துண்டு வேணும்னுதான் அவ்வளவு நேரம் அங்கயே நின்னேன். காபியா குடிச்சு வயிறு ரொம்பிப் போச்சு. ரொம்ப நல்லா இருந்துச்சும்மா. இங்கா போனப்புறம் இப்படி ஒண்ண நான் சாப்பிட்டதே இல்ல."

ஆர்டிஸ் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தாள். எனக்கு வெட்கமாக இருந்தது.

கோர்ட்டோ என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அப்ப ஏன் வேணாம்னீங்க?"

ஊரைப் பற்றியெல்லாம் விளக்கம் சொல்கிற நான் தாடையை மட்டும் தடவிக்கொண்டேன்.

"கார்ல இன்னொரு தட்டு இருக்கு. யாருக்கும் புடிக்கலன்னா வெளிய எடுக்க வேணாம்னு வச்சிருந்தேன். வேணுமா?" என்றாள்.

வேண்டாம் என்ற சொல் வழக்கம்போல் பல்லுக்குப் பின்னால் தயாராக நின்றது. பாதிரியார் முதற்கொண்டு எல்லோரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"வேணும்மா" என்றேன். "முழுத் தட்டும்."