வாயாடிக்கு இரண்டு வகுப்புகள்

வீட்டில் எனக்கு வாயாடி என்று பெயர். அப்பா வைத்தது. அந்த அரசுப் பள்ளியில் சேர்ந்த பிறகோ, நான் வாயே திறக்கவில்லை. அப்பாவுக்குப் பெயிண்டர் வேலை கிடைத்த ஊருக்கு அப்போதுதான் குடிவந்திருந்தோம். எனக்கு எட்டு வயது. பள்ளியில் யாருக்கும் தமிழ் தெரியாது. எனக்கோ அவர்கள் மொழி தெரியாது.

சில மாதங்கள் கழித்துத் தலைமையாசிரியை அம்மாவைக் கூப்பிட்டு அனுப்பினார். எங்களுக்கு முன்பே அந்த ஊருக்கு வந்துவிட்ட சித்தி, மொழிபெயர்க்க எங்களோடு வந்தாள்.

தலைமையாசிரியை நிறையப் பேசினார். நடுவில் ஒரு சொல் வந்ததும் சித்தி தயங்கினாள்.

"என்னடி சொல்றாங்க?" என்றாள் அம்மா.

"கொஞ்சம் மெதுவா கத்துக்குறாளாம். பேசவே மாட்டேங்குறாளாம். சிறப்பு வகுப்புல போடலாமான்னு கேக்குறாங்க."

"யாரு, இவளா பேசமாட்டா? ஒரு நாள் வீட்டுக்கு வந்து பாக்கச் சொல்லு. இவ வாய மூட வைக்கத்தான் எங்களுக்கு ஆள் வேணும். சமைக்கும்போதும் பேச்சு, குளிக்கும்போதும் பேச்சு..."

அம்மா மூச்சுவிடாமல் பேசி முடித்ததும் சித்தி அதை மூன்றே சொல்லில் சொன்னாள். தலைமையாசிரியை சித்தியைச் சந்தேகமாகப் பார்த்தார்.

அங்கே இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். புதிதாக வந்த பிள்ளைகளுக்கு மொழி சொல்லித்தரும் நெட்டை டீச்சர் ஒருவர். சிறப்பு வகுப்பு டீச்சர் மற்றொருவர். இவர் நடந்தால் செருப்பு கீச்கீச்சென்று சத்தம் போடும். அந்தக் கீச்சு டீச்சர்தான், "முதல்ல அவ மொழியிலேயே சோதிச்சுப் பாப்போம்" என்றார்.

மறுவாரம் அவருடைய அறையில் உட்கார்ந்தோம். சித்தி ஒரு கதையைத் தமிழில் சொல்ல, நான் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். நான் சும்மா இருப்பேனா? கதையில் இல்லாத யானை ஒன்றையும் சேர்த்து, கையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். ஒரு சொல்லும் புரியாமல் கீச்சு டீச்சர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு, அம்மா வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த என் பழைய தமிழ்ப் பாடப்புத்தகத்தைப் படிக்கச் சொன்னார்கள். அவ்வளவுதான், நாக்கு ஒட்டிக்கொண்டது. 'ப'வும் 'ய'வும் எனக்கு எப்போதும் இடம் மாறித்தான் தெரியும். வரியைத் தொலைத்துவிட்டு விரலால் தேடினேன்.

கீச்சு டீச்சர் சொன்னதைச் சித்தி மெல்லச் சொன்னாள்: "புத்தியில ஒரு குறையும் இல்லையாம். எழுத்துதான் இவளுக்குப் பிடிபடலையாம். இப்படி நிறையப் பேரு இருக்காங்களாம். தனியா பயிற்சி குடுத்தா வந்துடுமாம்."

"அப்போ சோம்பேறித்தனம் இல்லையா?" என்றாள் அம்மா. அந்தப் புத்தகத்தை வைத்துக்கொண்டு எத்தனை முறை என்னைத் திட்டியிருப்பாள். அன்று என் தலைமுடியை ஒதுக்கிவிட்டபடியே இருந்தாள்.

அடுத்த சிக்கல், மொழி வகுப்பும் சிறப்பு வகுப்பும் ஒரே நேரத்தில் நடந்தன. ஏதாவது ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்றார் தலைமையாசிரியை. அம்மா சித்தியின் காதில் ஏதோ கேட்டாள். பிறகு திரும்பி, அந்த ஊர் மொழியிலேயே, "இரண்டும்" என்றாள். தலைமையாசிரியை என்னென்னவோ விளக்கினார். அம்மா மறுபடியும் "இரண்டும்" என்றாள். வேறு சொல் எதுவும் அவளுக்குத் தெரியாது. கடைசியில் டீச்சர்கள் இருவரும் தங்களுக்குள் பேசி, நேரத்தை மாற்றிக்கொண்டார்கள்.

அன்று சாயங்காலம் சாப்பிடும்போது அம்மா எல்லாவற்றையும் அப்பாவிடம் சொன்னாள். அப்பா தட்டைப் பார்த்துக்கொண்டே, "எனக்கும் அப்படித்தான்" என்றார்.

"என்ன அப்படித்தான்?"

"எழுத்து. நிக்காது. ஓடும்."

அம்மா அவரையே பார்த்தாள். கடிதம் வந்தால் "கண்ணாடி எங்க வச்சேன்னு தெரியல, நீயே படி" என்பார். கணக்கு எழுத வேண்டிய மேஸ்திரி வேலைக்கு முதலாளி கூப்பிட்டபோதெல்லாம் வேண்டாமென்றார். கல்யாணமாகி இத்தனை வருடம் அம்மாவுக்கு இது தெரியாது.

"ஏங்க எங்கிட்ட சொல்லல?"

"எனக்கே இன்னிக்குத்தான் தெரியும். மண்டையில ஒண்ணுமில்லேன்னுதான் நெனச்சுட்டு இருந்தேன்."

அதன்பின் கீச்சு டீச்சர் தந்தனுப்பிய, உப்புத்தாளில் வெட்டிய அந்த ஊர் எழுத்துகளை அப்பாவும் நானும் சேர்ந்தே தடவிப் படித்தோம். சுவரைத் தேய்த்துத் தேய்த்துக் காய்த்துப்போன விரல் அவருடையது. "இது நம்ம சரக்குதான்" என்பார். நெட்டை டீச்சர் வகுப்பில் நான் கற்றுவரும் சொற்களை அவருக்கும் சொல்லித்தருவேன். என்னைவிட மெதுவாகத்தான் வந்தார், ஆனால் விடவில்லை.

அப்பா கடைசிவரை மேஸ்திரி ஆகவில்லை. "பிரஷ்ஷே போதும், ஆளுங்கள மேய்க்கிறதெல்லாம் யாரால ஆகும்" என்றுவிட்டார். ஆனால் வேலை முடிந்து, பெயிண்ட் வாசனையோடு என்னைப் பள்ளியிலிருந்து கூட்டிவரும்போது, வழியிலுள்ள ஒவ்வொரு கடைப் பலகை முன்னாலும் நின்று, எழுத்துக்கூட்டி உரக்கப் படிப்பார். சாவி செய்யுமிடம். பழைய நாற்காலிகள் வாங்கப்படும். போகிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். நான் கையைப் பிடித்து இழுப்பேன்.

"இரு வாயாடி, இந்த ஒண்ணு மட்டும்" என்பார்.

வீடு சேரும்போது தினமும் இருட்டிவிடும்.