ஒரு மூடி மருந்து

“இழுக்காதடி, உருட்டு. முதுகுக்குக் கீழ கையைக் குடு. ஆங், அப்படித்தான்.”

படுக்கை விரிப்பை மாற்றிக்கொண்டிருந்த மகளுக்கு வியர்த்து ஊற்றியது. கட்டிலில் ஒருக்களித்துக் கிடந்தபடியே அம்மா வேலை சொல்லிக்கொடுத்தாள். ஆம்புலன்ஸில் ஓடி ஓடியே தலை நரைத்தவள். எத்தனை பேரை இப்படி உருட்டியிருப்பாள்!

“செத்ததுக்கப்புறம் இன்னும் கனப்பேன். இப்பவே பழகிக்கோ.”

“வாயைக் கழுவும்மா.”

அம்மா சிரிக்கத் தொடங்கினாள். சிரிப்பு பாதியில் அறுந்தது. விரல்கள் கட்டில் சட்டத்தைக் கவ்விக்கொண்டன; உதடு வெளுத்தது. புற்று எலும்புக்குப் போய்விட்டது, இனி நாட்கள்தான் என்று வீட்டுக்கு வந்துபோகும் நர்ஸ் சொல்லியிருந்தாள். வலிக்கு ஒரு மருந்து பாட்டிலும் கொடுத்துவிட்டுப் போனாள். அதன் மூடியைத் திறக்க அம்மா விடவில்லை.

அவள் பயம் மகளுக்குத் தெரியும். ஒரு விபத்தில் அம்மாவின் முதுகில் அடிபட்டபோது தொடங்கியது அது. வலி போன பிறகும் வலி ஊசி போகவில்லை. சாலையில் அள்ளியெடுத்த உடம்புகள் கண்ணுக்குள் வராமலிருக்க அது உதவியது. ஆம்புலன்ஸ் பெட்டியில் இருந்ததையே எடுத்துப் போட்டுக்கொண்டாள். அந்த நாட்களில் பள்ளிக்கூடம் விட்டு வரும் மகள், முதலில் அம்மாவுக்கு மூச்சு வருகிறதா என்று பார்ப்பாள். அப்புறம்தான் பையைக் கழற்றுவாள். போதை மீட்பு இல்லத்துக்குப் போய், ஒருமுறை பழைய ஊசிக்கே வழுக்கி விழுந்து, மறுபடி போய், அம்மா எழுந்து வந்தாள். பிறகு தீயணைப்பு, போலீஸ், ஆம்புலன்ஸ் ஆட்களுக்கென்று ஒரு சனிக்கிழமைக் கூட்டம் ஆரம்பித்தாள். “நாம பார்த்ததை வெளியாள்கிட்ட சொன்னா காதைப் பொத்திக்குவாங்க. நம்மாள்கிட்ட சொன்னா, ‘அப்புறம்?’னு கேப்பாங்க” என்பாள்.

அன்று சனிக்கிழமை. அம்மாவால் நடக்க முடியாமல் போனதிலிருந்து கூட்டம் வீட்டில்தான் நடந்தது. சாயங்காலம் வரை காத்திருக்காமல், மகள் காலையிலேயே இரண்டு பேரைக் கூப்பிட்டிருந்தாள்.

ஏணி என்று எல்லோரும் கூப்பிடுகிறவர் முதலில் வந்தார். தீயணைப்பு நிலையத்தில் இருந்தவர். நிலைப்படியில் தலை குனியாமல் அவரால் எந்த வீட்டுக்குள்ளும் நுழைய முடியாது. பின்னாலேயே இன்ஸ்பெக்டரம்மா, சீருடையோடு.

“என்னக்கா, மருந்து குடிக்க மாட்டேங்கறீங்களாமே?”

“போட்டுக் குடுத்துட்டாளா?” அம்மா மகளை முறைத்தாள். “இத்தனை வருஷம் சுத்தமா இருந்துட்டு, போறப்ப போதையில போகச் சொல்றீங்களா?”

“அக்கா, புகைக்குள்ள போறப்ப நாங்க மாஸ்க் போடுவோம்” என்றார் ஏணி. “மாஸ்க் போட்டவன் கோழையா?”

“உனக்கு எதை எடுத்தாலும் புகைதான்டா. உன் சமையலே அப்படி.”

இன்ஸ்பெக்டரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். விசாரணைக்கு உட்காரும் தோரணை. “அப்ப யாருக்கும் தெரியாம போட்டீங்க. சரியா?”

“ஆமா.”

“இப்ப குடிச்சா எத்தனை பேருக்குத் தெரியும்?”

“இவன் தொண்டைக்குத் தெருவுக்கே தெரியும்.”

“ஒளிச்சு வைக்காததை எப்படிக்கா அந்தக் கணக்குல சேர்க்கறது?”

  அம்மா மகள் பக்கம் திரும்பி, “நீ என்ன சொல்ற?” என்றாள்.

இத்தனை கூட்டங்களிலும் டீ கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுகிறவள் அவள். அவளை யாரும் எதுவும் கேட்டதில்லை.

“நீ சிரிக்கறதை முழுசாப் பார்க்கணும்மா. எல்லாம் பாதியிலேயே நின்னுபோகுது.”



“அப்ப நீயே ஊத்து” என்றாள் அம்மா. “பாட்டில் உன்கிட்டயே இருக்கட்டும். கூடக் கேட்டா குடுக்காத.”

“கெஞ்சினா?”

“கெஞ்சினா இன்ஸ்பெக்டரைக் கூப்பிடு.”

நர்ஸ் காட்டியிருந்த கோடு வரை மகள் மூடியில் ஊற்றினாள்.  சின்ன வயதில் கண்ணில் பட்ட மருந்தையெல்லாம் தொட்டியில் கொட்டிய கை அது. ஏணி டார்ச் அடித்துக் காட்டினார், பட்டப்பகலில்.

அம்மா விழுங்கிவிட்டு முகம் சுளித்தாள். “இதுக்கா இவ்வளவு பஞ்சாயத்து? இருமல் மருந்து மாதிரி இருக்கு.”

கொஞ்ச நேரத்தில் அவள் நெற்றி தளர்ந்தது. தலையணையை உயர்த்தச் சொன்னாள். “டேய் ஏணி, அந்த மாப்பிள்ளை கதையைச் சொல்லு.”

மாமனார் வீட்டு பாத்ரூமில் தாழ்ப்பாள் சிக்கி, ஜன்னல் வழியாக வெளியேறப் பார்த்து, இடுப்போடு மாட்டிக்கொண்ட புது மாப்பிள்ளையின் கதை. தலை வெளியே, கால் உள்ளே.

“மேல் பாதி எனக்கு, கீழ் பாதி அவனுக்கு” என்றாள் அம்மா. “நான் வெளிய நின்னு தண்ணி குடுத்துத் தேத்தறேன். இவன் கதவை உடைச்சு உள்ள போய்க் காலைப் பிடிச்சு இழுக்கறான். மாமனார் வந்து கேக்கறார், ‘ஜன்னலுக்கு ஒண்ணும் ஆகாதே?’னு.”

“மாப்பிள்ளை என்ன சொன்னார் தெரியுமா?” என்றார் ஏணி. “‘மாமா, முன்னாடி வந்து பேசுங்க, மரியாதையா இருக்கும்’னார். மாமனார் என் பக்கம்ல நின்னுட்டிருந்தார்!”

இன்ஸ்பெக்டரம்மா தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டாள். அம்மா சிரித்தாள். தோள் குலுங்க, கண்ணில் நீர் முட்ட, மூச்சு தீரும் வரை சிரித்துவிட்டு, “ஐயோ” என்று முடித்தாள்.

மதியத்துக்கு மேல் அவளுக்குக் கண் சொருகியது. “பேசிக்கிட்டே இருங்க. நீங்க நிறுத்தினா முழிச்சுக்குவேன்” என்றாள்.

அவர்கள் பேசினார்கள். அந்த பாத்ரூம் கதவு நீலம் என்றாள் இன்ஸ்பெக்டரம்மா; வழக்கு எழுதிய ஸ்டேஷனே அவளுடையதாம். தோளால் இடித்தவனுக்குத் தெரியாதா, பச்சைதான் என்றார் ஏணி. மகளின் கைக்குள் இருந்த அம்மாவின் விரல்கள் மெல்ல இளகின. மகளுக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் உடனே சொல்லவில்லை. அந்தச் சண்டை முடியட்டும் என்று இருந்தாள்.

“அம்மா போயிட்டாங்க மாமா.”

ஏணி எழுந்து வந்தார். பெரிய உள்ளங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, குனிந்து, “பச்சைதான்கா” என்றார்.

மாலையில் வாசல் முழுக்கக் கனத்த பூட்சுகள். இடம் போதாமல் படிக்கட்டிலும் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். மகள் டீ கொண்டுவரும்போது கேட்டுக்கு வெளியே ஆம்புலன்ஸ் சீருடையில் ஒருவன் நிற்பதைப் பார்த்தாள். முன்பின் பார்க்காத முகம். சவரம் செய்து நாளாகியிருந்தது.

“சனிக்கிழமை மீட்டிங் இங்கன்னு சொன்னாங்க” என்றான். “இங்க வேற என்னமோ… பரவாயில்ல, நான் இன்னொரு நாள் வரேன்.”

அந்த ‘இன்னொரு நாள்’ வரவே வராது என்று அம்மாவைப் பார்த்து வளர்ந்த அவளுக்குத் தெரியும்.

“மீட்டிங் இருக்கு. உள்ள வாங்க.”

உள்ளே யாரோ எதையோ சொல்ல, வீடே வெடித்துச் சிரித்தது. அவன் திடுக்கிட்டான். “சாவு வீடுன்னு நினைச்சேன்.”

“ஆமா, எங்கம்மாதான்” என்றாள். “டீ குடிப்பீங்கல்ல?”

அவன் ஒரு கணம் நின்றான். பிறகு குனிந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினான். முடிச்சு இறுகிக் கிடந்தது. அவள் கதவைப் பிடித்தபடி நின்றாள்.